மலைநாட்டு ஈரத்தில் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் உலோகத்தில் ஒட்டுவது எப்படி?

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கத்துப் பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு: "நல்ல பசைதான் வாங்கினேன், மழை தொடங்கியதும் கழன்றுவிட்டது." கழன்ற துண்டைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் பசை முழுவதும் ரப்பர்ப் பக்கத்தில் இருக்கும். உலோகம் வெறுமையாக, ஓரத்தில் மெல்லிய துருவோடு இருக்கும். அப்படியென்றால் பசையைக் குறைசொல்லிப் பயனில்லை. பசைக்கும் உலோகத்துக்கும் நடுவே வேறு ஏதோ இருந்திருக்கிறது: எண்ணெய், தூசி, அல்லது கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம்.

வெட்டிய இரும்பையும் அலுமினியத்தையும் காற்றுப் பட்டவுடனேயே ஒட்சைட்டுப் படலம் மூடிவிடும். அலுமினியத்தில் அது 2 முதல் 4 நனோமீற்றர் தடிப்பானது. நாம் "உலோகத்தில் ஒட்டுகிறோம்" என்று சொன்னாலும், பசை பிடிப்பது இந்தப் படலத்தைத்தான். அதன் வெளிமுகத்தில் ஐதரொட்சில் கூட்டங்கள் (ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த அணுக்கூட்டங்கள்) நெருக்கமாக இருக்கின்றன. எபொக்சி என்பது பிசினும் ஹார்ட்னரும் (இறுக்கி) கலந்து இறுகவைக்கும் பசை. அது இறுகும்போது பிசின் மூலக்கூறின் வளையங்கள் திறந்து அதிலும் ஐதரொட்சில் கூட்டங்கள் உண்டாகின்றன. இரு பக்கமும் ஐதரசன் பிணைப்பால் சேர்கின்றன. இந்தப் பிணைப்பு ஒன்று மோலுக்கு ஏறத்தாழ 20 கிலோயூல்தான். காபன்–காபன் பிணைப்போ 350 கிலோயூல் அளவு. ஆகவே ஒட்டின் பலமெல்லாம் எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரு விரல் அடையாளம் பட்ட இடத்தில் அந்த எண்ணிக்கை சரிந்துவிடும்.

நீரும் அதே ஐதரொட்சில் கூட்டங்களைத்தான் தேடுகிறது, பசையைவிட ஆவலோடு. ஒட்டின் ஓரத்தால் மெல்ல உள்ளே போகும் நீர், பசையை விலக்கிவிட்டு ஒட்சைட்டில் தான் இடம்பிடித்துக்கொள்ளும். கொழும்பில் ஐந்து வருடம் தாங்கும் ஒட்டு நுவரெலியாவில் ஒரு மழைக்காலத்தோடு கழன்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். மலைநாட்டில் ஒட்டுவேலை என்றால், பசைக் குழாயைத் திறப்பதற்கு முன் செய்வதுதான் வேலையின் பெரும்பகுதி.

எந்தப் பிளாஸ்டிக் என்று முதலில் பாருங்கள்

திரவம் ஒன்று ஒரு மேற்பரப்பில் பரவ வேண்டுமானால், அந்த மேற்பரப்பின் சக்தி திரவத்தின் மேற்பரப்பிழுவையைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். எபொக்சியின் மேற்பரப்பிழுவை மீற்றருக்கு ஏறத்தாழ 45 மில்லிநியூற்றன். சுத்தமான உலோக ஒட்சைட்டின் சக்தி நூற்றுக்கணக்கில் இருப்பதால் அங்கே எபொக்சி தானாகவே பரவும். நைலோன் 43 அளவு, கடினமான பிவிசி 39 அளவு; இவற்றைச் சுரண்டிச் சுத்தம்செய்தால் சமாளிக்கலாம். பொலித்தீன் 31, பொலிபுரொப்பிலீன் 30, டெஃப்லோன் 20க்கும் கீழே. இவற்றில் எபொக்சி முத்து முத்தாகத் திரளும். காய்ந்த பிறகு நகத்தாலேயே உரித்து எடுத்துவிடலாம்.

பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் எண் இருந்தால் 2, 4 இரண்டும் பொலித்தீன், 3 பிவிசி, 5 பொலிபுரொப்பிலீன், 6 பொலிஸ்டைரீன். எண் இல்லாவிட்டால் ஒரு சிறு சீவலை நீரில் போட்டு அமுக்கிவிடுங்கள். பொலித்தீனும் பொலிபுரொப்பிலீனும் மிதக்கும். பிவிசி, நைலோன், ஏபிஎஸ் மூன்றும் தாழும்.

கறுப்புத் தண்ணீர்த் தாங்கிகள் பொலித்தீன். அதில் பித்தளைப் பொருத்தியை எபொக்சியால் ஒட்டும் முயற்சி வேண்டாம். இரு பக்கமும் ரப்பர் வொஷர் வைத்து இறுக்கும் தாங்கிப் பொருத்திதான் அதற்குச் சரி. பாரம் இல்லாத சிறு பொலித்தீன், பொலிபுரொப்பிலீன் துண்டு என்றால் சுவாலை முறை உண்டு. எரிவாயு டோர்ச்சின் நீலச் சுவாலையின் நுனியை ஓரிடத்தில் நிறுத்தாமல் மேற்பரப்பின் மேலாக வேகமாக ஓட்டிச் செல்லுங்கள். எந்த இடத்திலும் ஒரு செக்கனுக்குக் குறைவாகவே பட வேண்டும். மேற்பரப்பு ஒட்சியேற்றப்பட்டு காபொனைல், ஐதரொட்சில் கூட்டங்கள் உண்டாகும். ஆறியதும் நீர் தெளித்தால் முத்தாகத் திரளாமல் பரவ வேண்டும். பரவினால் துடைத்துக் காயவைத்து அரை மணித்தியாலத்துக்குள் ஒட்டிவிடுங்கள். அந்தக் கூட்டங்கள் நாளாக நாளாக உட்பக்கம் திரும்பிவிடும். மஞ்சள் சுவாலை கூடவே கூடாது, அது கரி படியவைக்கும்.

ஈரமும் குளிரும்

18 பாகை வெப்பநிலையில் ஈரப்பதன் 90 சதவீதம் என்றால் பனிபடுநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 16.3 பாகை. இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த இரும்புத் தகடு காலையில் 15 பாகையில் இருந்தால், நீங்கள் துடைத்து முடிக்கும் முன்பே அதில் நீர் படிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அளவு படிந்தாலும் கெடுதல்தான். உலோகத்தின் வெப்பநிலை பனிபடுநிலையைவிடக் குறைந்தது 3 பாகை மேலே இருக்க வேண்டும் என்பது பூச்சு வேலைக்காரர்களின் விதி. பசைக்கும் அதுவே பொருந்தும். ஈரப்பதன் காட்டும் சிறு இலக்கக் கருவி ஒன்று வாங்கி வைத்திருங்கள். பட்டறையில் விலை உயர்ந்த பசையைவிடக் கூடுதல் பயன் தருவது அதுதான். அது இல்லாத இடத்தில் தகட்டை ஹெயார் டிரையராலோ, பக்கத்தில் தொங்கவிட்ட 60 வோட் இழை மின்குமிழாலோ கைக்கு இளஞ்சூடாகும் வரை சூடாக்குங்கள். விறகடுப்பில் காட்டாதீர்கள், புகையின் எண்ணெய்ப் படலம் வந்து படியும்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்தை நனைக்கும். அதே ஜூன், ஜூலையில் பண்டாரவளை, பதுளைப் பக்கம் காய்ந்திருக்கும். இடமும் மாதமும் பார்த்து, வெளியே பொருத்தும் வேலைகளைத் திட்டமிடுங்கள். மழைக்குள் செய்தே ஆக வேண்டுமென்றால் துண்டைக் கழற்றி உள்ளே கொண்டுவந்து சூடாக்கி ஒட்டுவது ஒன்றுதான் வழி.

குளிரின் தொல்லை வேறு வகை. வெப்பநிலை 10 பாகை குறைய எபொக்சி இறுகும் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். 25 பாகையில் 24 மணித்தியாலம் என்று எழுதியிருந்தால் 15 பாகையில் இரண்டு நாள் கொடுங்கள். ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் நுவரெலியாவில் 10 பாகைக்கும் கீழே போகும்போது தாக்கம் நின்றுவிட்டதுபோலவே இருக்கும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டிப் போடுவது பெரிய தவறு. வாகனத்துக்குப் போடும் பொலியெஸ்டர் பட்டியில் ஹார்ட்னர் என்பது தாக்கத்தைத் தொடக்கிவைக்கும் பரொட்சைட்டு. அதில் ஓரளவு கூட்டிக் குறைக்கலாம். எபொக்சியில் ஹார்ட்னரின் ஒவ்வொரு மூலக்கூறும் பிசினின் வளையங்களோடு இணைந்து வலையின் பகுதியாகிறது. மிஞ்சிய அமைன் (ஹார்ட்னரில் உள்ள இரசாயனம்) இணைய இடமில்லாமல் உள்ளேயே கிடக்கும். ஒட்டு மெதுமெதுவென்று இருக்கும், ஈரத்தையும் உறிஞ்சும்.

ரப்பர்த் தகட்டை இரும்பில் ஒட்டுதல்

மடுவத்துத் தராசின் மேடை, இயந்திரத்தின் கால், கொழுந்து லொறியின் பின்கதவு போன்ற இடங்களில் 5 மில்லிமீற்றர் ரப்பரை இரும்புத் தகட்டில் ஒட்டுவதுதான் அடிக்கடி வரும் வேலை. 30க்கு 30 சென்ரிமீற்றர் தகடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இதற்குப் பொலிகுளோரப்பிரீன் வகை கொன்டாக்ட் பசை போதும். பூச்சு ஒன்றுக்கு, சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 200 கிராம் செலவாகும். இரு பக்கமும் இரண்டு பூச்சு என்றால் இந்தத் தகட்டுக்கு 70 முதல் 80 கிராம்.

இரும்பை முதலில் இளஞ்சூட்டு நீரிலும் பாத்திரம் கழுவும் திரவத்திலும் தேய்த்துக் கழுவி, நன்றாக அலசிக் காயவையுங்கள். சுரண்டுவது அதற்குப் பிறகுதான். எண்ணெய் இருக்கும்போதே சுரண்டினால் அது கீறல்களுக்குள் இறங்கிவிடும். அடுத்து அசிட்டோன் அல்லது நல்ல தின்னரால் துடைக்க வேண்டும். ஒரு வெள்ளைத் துணியால் நனைத்துத் துடைத்து, அது காயும் முன்பே இரண்டாவது உலர்ந்த துணியால் எடுத்துவிடுங்கள். தானாகக் காயவிட்டால் கரைந்த எண்ணெய் அதே இடத்தில் மீண்டும் படியும். துணியில் கறை வராத வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். மண்ணெண்ணெய் இந்த வேலைக்கு உதவாது. அது கிறீஸை எடுத்துவிட்டுத் தன் எண்ணெயை விட்டுச் செல்லும். சில்லறையாக ஊற்றித் தரும் தின்னரையும் அப்படியே நம்பாதீர்கள். ஒரு துளியைச் சுத்தமான கண்ணாடியில் விட்டுக் காயவிடுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வளையமாகக் கறை தெரிகிறதா? தெரிந்தால் அது பெயின்ட் பிரஷ் கழுவத்தான் ஆகும்.

பிறகு 80 முதல் 120 இலக்க சாண்ட் பேப்பரால் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து, சாம்பல் நிறத்தில் சீராக மங்கிய இரும்பு தெரிய வேண்டும். தூசியை பிரஷால் தட்டி, மறுபடி துடையுங்கள். இனி நீர்ச் சோதனை. தகட்டின் மேல் சுத்தமான நீரை ஊற்றிச் சரித்துப் பிடியுங்கள். நீர் ஒரே படலமாக அரை நிமிடம் உடையாமல் நின்றால் சுத்தம். நடுவில் வட்டமாக விலகிக் காய்ந்த தீவுகள் தெரிந்தால் அங்கே எண்ணெய் இருக்கிறது. துடைப்பதிலிருந்து மறுபடி தொடங்குங்கள். சோதனை முடிந்ததும் உடனே சூடாக்கிக் காயவைத்து, ஒரு மணித்தியாலத்துக்குள் முதல் பூச்சைப் போட்டுவிட வேண்டும். நம் ஈரக் காற்றில் சுரண்டிய இரும்பு அதற்கு மேல் காத்திருக்காது.

ரப்பரின் பக்கத்திலும் இதே கவனம் தேவை. தயாரிக்கும்போது சேர்க்கும் மெழுகு, ஸ்டியரிக் அமிலம், மிஞ்சிய கந்தகம் ஆகியவை நாளடைவில் மேலே வந்து படியும். பழைய ரப்பரில் வெண்சாம்பல் பூத்திருப்பது இதுதான். 60 அல்லது 80 இலக்கத் தாளால் மினுக்கம் முற்றாகப் போகும் வரை தேய்த்து, தூசியைத் தட்டி, தின்னரில் நனைத்த துணியால் ஒரு முறை துடைத்து, 10 நிமிடம் விடுங்கள்.

இரு பக்கமும் மெல்லிய முதற்பூச்சு போட்டு அரை மணித்தியாலம் காயவிடுங்கள். இரண்டாம் பூச்சுப் போட்டபின், விரலின் பின்புறத்தால் தொட்டால் பசை கையோடு வராத நிலை வரும் வரை காத்திருக்க வேண்டும். போத்தலில் 10 நிமிடம் என்று இருந்தாலும் இங்கே 20, 30 ஆகலாம். மலையில் ஒரு பொறி காத்திருப்பது இந்த இடத்தில்தான்: கரைப்பான் ஆவியாகும்போது பசையின் மேற்பரப்பு குளிர்கிறது, குளிர்ந்த பசையில் காற்றின் ஈரம் படிகிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பசைமேல் பால்போன்ற மங்கல் தெரியும். அதோடு சேர்த்து அழுத்தினால் நடுவில் நீரைப் பூட்டிவைப்பதாகும். தூரத்திலிருந்து இளஞ்சூட்டுக் காற்றுக் காட்டி மங்கல் தெளியவைத்து, இன்னொரு மெல்லிய பூச்சுப் போட்டு, பிறகு சேருங்கள்.

தொட்டவுடன் பிடிக்கும் பசை இது, நகர்த்திச் சரிசெய்ய முடியாது. ஒரு ஓரத்தை நேராக்கி வைத்து, காற்று அகப்படாதபடி மெல்ல மெல்ல மறு ஓரம் வரை படியவிடுங்கள். பின் நடுவிலிருந்து வெளிநோக்கி கடினமான உருளையால் பலமாக அழுத்துங்கள்; ரப்பர்ச் சுத்தியலால் தட்டினாலும் சரி. நெடுநேரம் மெதுவாக அழுத்தி வைப்பதைவிட ஒரு முறை பலமாக அழுத்துவது முக்கியம், ஏனென்றால் இரு பூச்சுகளின் பல்பகுதியச் சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பின்னிக்கொள்ள வேண்டும். பாரம் ஏற்ற மூன்று நாள் விடுங்கள்.

இந்தப் பசைகளின் ஆவி தரையோடு ஓடித் தீப்பிடிக்கும். அடுப்பு எரியும் லயக் காம்பராவுக்குள் வேண்டவே வேண்டாம். இஸ்தோப்பிலோ வெளியிலோ செய்யுங்கள், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

தொழிற்சாலையில் இருந்தே உலோகத்தோடு சேர்ந்து வரும் ரப்பர்த் தாங்கிகளில் (இயந்திரத்தின் அடியில் வைக்கும் மவுண்ட்) இருப்பது வேறு இரசாயனம். அங்கே ரப்பர் வல்கனைசு ஆகும்போதே, 150 பாகை அளவில், உலோகத்தோடு பிணைகிறது. டயர்க் கம்பியில் பித்தளை பூசுவதும் இதற்காகத்தான்: ரப்பரில் உள்ள கந்தகம் பித்தளையின் செம்போடு சேர்ந்து செம்புச் சல்பைட்டுப் படலத்தை வளர்க்க, ரப்பர் அதற்குள் இறங்கிப் பிணைகிறது. அப்படிப்பட்ட தாங்கி பிரிந்தால் கொன்டாக்ட் பசையால் அதே பலத்தைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. புதிதாக மாற்றுங்கள்.

அலுமினியத்தில் கடினப் பிளாஸ்டிக்

ஏபிஎஸ் பெட்டி, கடினப் பிவிசித் துண்டு போன்றவற்றுக்கு இரண்டு குழாய் எபொக்சி. ஏபிஎஸ்ஸில் அசிட்டோன் படக்கூடாது, கரைந்து விரிசல் விடும். ஐசோபுரொப்பைல் அற்ககோலால் துடைத்து, 120 அல்லது 150 இலக்கத் தாளால் மங்கச் செய்து, மறுபடி துடையுங்கள். அலுமினியத்துக்கு 180 முதல் 240 இலக்கம். இதில் நன்கு பலன் தரும் ஒரு வழி: கலந்த எபொக்சியை மெல்லியதாகப் பூசி, அந்தப் பசைக்குள்ளேயே சாண்ட் பேப்பரால் தேய்த்து, கறுத்துப்போன அந்தப் பசையை வழித்து எறிந்துவிட்டு உடனே புதிய பசை பூசுங்கள். புதிதாகத் திறந்த அலுமினியத்தை ஈரக் காற்றுக்கு முன்பே பசை மூடிவிடுகிறது.

குளிர்ந்த குழாய்களை 35 பாகை அளவு இளஞ்சூட்டு நீரில், மூடி நனையாமல் 10 நிமிடம் வைத்தால் இளகி ஒழுங்காகக் கலக்கும். பொதியில் உள்ள விகிதம் கனவளவா நிறையா என்று பாருங்கள். கனவளவில் ஒன்றுக்கு ஒன்று என்பது தராசில் ஒன்றுக்கு ஒன்றாக இருக்காது. மூன்று நிமிடம், பக்கங்களை வழித்து வழித்துக் கலக்குங்கள். 50 கிராமுக்கு மேல் ஒரே கிண்ணத்தில் கலந்தால் அதன் வெப்பமே தாக்கத்தை வேகப்படுத்திப் புகைய வைக்கும். அகலமான தட்டில் பரப்பி வையுங்கள். நைட்ரைல் கையுறை கட்டாயம். ஹார்ட்னருக்குத் தோல் ஒருமுறை ஒவ்வாமை கொண்டுவிட்டால் அது வாழ்நாள் முழுக்கத் தொடரலாம்.

பசையின் தடிப்பு 0.1 முதல் 0.3 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். கிளாம்பை முறுக்கி முறுக்கிப் பசையை முழுதும் பிதுக்கிவிடுபவர்களே அதிகம். 0.2 மில்லிமீற்றர் தூண்டில் நைலோன் நூலில் இரண்டு மூன்று சிறு துண்டுகளைப் பசைக்குள் கிடத்தினால் அதற்குக் கீழே நசியாது.

குளிர் ஈரத்தில் இறுகிய எபொக்சியின் மேலே பிசுபிசுப்பான படலம் தெரிந்தால், அது அமைன் காற்றின் காபனீரொட்சைட்டோடும் நீரோடும் சேர்ந்து உண்டான காபமேற்று. இளஞ்சூட்டு நீரால் கழுவித் தேய்த்த பின்பே அடுத்த பூச்சு.

நீளமான துண்டுகளுக்கு எபொக்சி வேண்டாம். ஒரு மீற்றர் பிவிசியும் இரும்புத் தகரமும் 30 பாகை சூடேறினால் பிவிசி ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர் கூடுதலாக நீளும். வெயிலில் சுட்டு இரவில் குளிரும் கூரையோரத்தில் இது ஒவ்வொரு நாளும் நடக்கும். அங்கே 2, 3 மில்லிமீற்றர் தடிப்பில் பொலியூரத்தேன் சீலன்ட்தான் தாங்கும். அது காற்றின் ஈரத்தால் இறுகுவதால் நம் காலநிலை அதற்கு உதவி. சிலிக்கன் போடுவதாக இருந்தால் நியூட்ரல் வகை வாங்குங்கள். வினாகிரி மணக்கும் மலிவான சிலிக்கன் இறுகும்போது அசற்றிக் அமிலம் விடும். தகரத்தின் நாகப் பூச்சை அது அரித்து வெள்ளைப் பொடியாக்கும். கூரை அஸ்பெஸ்டஸ் ஷீட் என்றால் அதைச் சுரண்டவே கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்கு நஞ்சு.

மழையில் பல வருடம் நிற்க வேண்டிய முக்கிய ஒட்டுக்குச் சிலேன் பூச்சு உண்டு. இரசாயனப் பொருள் விற்பவர்களிடம் எபொக்சி வகைச் சிலேன், அதாவது கிளைசிடொக்சிபுரொப்பைல்திரைமெதொக்சிசிலேன், கேட்டு வாங்க வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் அசற்றிக் அமிலம் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச் 5க்குக் கொண்டுவந்து, நூற்றுக்கு ஒரு பங்கு சிலேன் சேர்த்து ஒரு மணித்தியாலம் கலக்கிக்கொண்டிருங்கள். சுரண்டிச் சுத்தமாக்கிய அலுமினியத்தில் பூசி 10 நிமிடம் ஈரமாகவே வைத்து, வடியவிட்டு, 100 பாகை அளவில் ஒரு மணித்தியாலம் சூடாக்குங்கள். சிலேனின் ஒரு முனை ஒட்சைட்டோடு சிலிக்கன்–ஒட்சிசன் பிணைப்பாக இணைகிறது. மறுமுனையின் எபொக்சி வளையம் பசையின் ஹார்ட்னரோடு சேர்கிறது. வெறும் ஐதரசன் பிணைப்பைப்போல நீர் இதை இலகுவில் தள்ளிவிட முடியாது. கலந்த கரைசலை அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

கழன்ற துண்டு சொல்வது

உலோகம் வெறுமையாகத் தெரிந்தால் உலோகத்தின் சுத்தம் அல்லது ஈரம். பிளாஸ்டிக் வெறுமையாகத் தெரிந்தால் அது பொலித்தீன் வகையா, மேலே மெழுகோ அச்செண்ணெயோ இருந்ததா என்று பாருங்கள். இரு பக்கமும் பசை இருந்து நடுவால் கிழிந்திருந்தால் ஒட்டியவிதம் சரி. பசை தன் முழுப் பலத்தையும் தந்திருக்கிறது, பரப்பைக் கூட்டுங்கள் அல்லது வேறு பசை எடுங்கள். பசை நகத்துக்கு மெத்தென்று இருந்தால் விகிதம் பிழை, அல்லது குளிர். மென்மையான பிவிசிக் குழாயில் கொன்டாக்ட் பசை சில வாரங்களில் கூழானால், குழாயின் மென்மையாக்கி எண்ணெய் பசைக்குள் போயிருக்கிறது. அதற்குப் பொலியூரத்தேன் பசை வேண்டும்.

ஓரத்தில் மட்டும் தொடங்கிக் கழன்றிருந்தால் இழுவை வந்த திசையைப் பாருங்கள். சுத்தமான இரும்பில் நல்ல எபொக்சி சறுக்கு விசைக்குச் சதுர மில்லிமீற்றருக்கு 15 நியூற்றனும் தாங்கும். 25க்கு 12 மில்லிமீற்றர் ஒட்டு ஒன்றே 450 கிலோவைத் தொங்கவிடலாம். அதே ஒட்டை ஓரத்தால் நிமிண்டினால் விரலோடு வந்துவிடும். விசை உரிக்கும் பக்கமாக வரும் இடத்தில் மூலைகளை வட்டமாக வெட்டி, ஓரத்தில் ஒரு ஆணி அல்லது ரிவெட் போடுங்கள்.

தேயிலை உலர்த்தியின் அருகே இந்த எபொக்சிகள் எதுவும் வேண்டாம். அறை வெப்பத்தில் இறுகும் சாதாரண எபொக்சி 50, 60 பாகையிலேயே இளகத் தொடங்கும். உலர்த்திக்குள் போகும் காற்றோ 90 பாகையைத் தாண்டும். அங்கே உயர்வெப்பச் சிலிக்கன், அதுவும் கொழுந்து படாத வெளிப்புறத்தில் மட்டும்.